அத்தை கொடுத்த இணைப்பு

எங்கள் ஊரில் யாருடைய பாயையாவது பார்த்து, "அழகா இருக்கே" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் போச்சு. சாயங்காலத்துக்குள் அது சுருட்டப்பட்டு உங்கள் வீட்டு வாசலில் கிடக்கும். வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் அவர்களுக்கு அவமானம். வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் உங்களுக்கு அவமானம். அதைவிடப் பெரிதாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு போயாக வேண்டும். இப்படி ஒருவருக்கொருவர் கொடுத்துக் கொடுத்தே சமோவாவில் எல்லோரும் காலியாக இருக்கிறோம், எல்லோரும் தலைநிமிர்ந்தும் இருக்கிறோம். அதனால் எமேலே, சொந்தக்காரர் வீடுகள் சேர்ந்த எங்கள் வளவுக்குள் இணையத்தைக் கொண்டுவந்தபோது, அதை ஒரே வீட்டில் வைத்துக்கொள்வது என்ற பேச்சே எழவில்லை.

எமேலே என் தம்பி பௌலியின் மனைவி. சவாயி தீவுக்காரி. வெளியூரிலிருந்து வந்த மருமகள் என்றால் எங்களிடத்தில் கடைசியாக உட்கார்ந்து முதலில் எழுந்திருக்க வேண்டியவள். அவளும் முகம் சுளிக்காமல் அப்படித்தான் இருந்தாள். ஆனால் அவள் வந்த பிறகுதான் என் தம்பிக்கு இவ்வளவு பேச்சு இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரிந்தது.

பௌலிக்குக் காது கேட்காது. நடக்கப் பழகும் வயதில் வந்த காய்ச்சல் கேட்கும் சக்தியைக் கொண்டுபோனது, பேச்சும் அதோடு போயிற்று. நாங்கள் அவனோடு நாலைந்து சைகைகளிலேயே காலத்தை ஓட்டினோம். வா, சாப்பிடு, மழை வருகிறது, பன்றி அவிழ்த்துக்கொண்டு ஓடுகிறது. ஒரு மனிதனுக்கு இது போதும் என்று நாங்களாகவே முடிவு கட்டிவிட்டோம். எமேலே வந்து அவனோடு சேர்ந்து புதிது புதிதாகச் சைகைகளை உண்டாக்கினாள். சாப்பாடு முடிந்ததும் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து கைகளால் வம்பளப்பார்கள், சண்டை போடுவார்கள், சமாதானம் ஆவார்கள். நடுநடுவே என் பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். என்னைப் பற்றித்தான் என்று தெரியும். என்ன சொன்னார்கள் என்று மட்டும் தெரியாது. எனக்குக் கோபம் வரும், ஆனாலும் அந்தக் கோபத்தில் சந்தோஷமும் இருக்கும்.

தலைநகர் ஆப்பியாவில் ஒரு பள்ளி அலுவலகத்தில் அவளுக்கு வேலை. அங்கே கழித்துப்போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டரைப் பேருந்தில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தாள். தொலைபேசிக் கம்பி வருவது என் வீட்டுக்கு மட்டும்தான், சாலையோரத்து வீடு என்பதால். அதனால் அந்தப் பெட்டி என் வீட்டுக்கு வந்தது. மோடத்தை அதற்குள்ளேயே திருகி வைத்தாள். பிறகு என் வீட்டிலிருந்து கேபிள் இழுத்தாள். ஈரப்பலா மரத்தில் ஏறி, சமையல் கொட்டகைக் கூரைமேல் போய், நடுவே இருந்த தன் வீட்டுக்கு ஒன்று. பின்னால் இருக்கும் அத்தை வீட்டுக்கு ஒன்று. வேலிக்கு அந்தப்புறம் போதகர் வீட்டுக்கு ஒன்று. தரையோடு போகும் இடங்களில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய்க்குள் கேபிளை நுழைத்துப் புதைத்தாள், பன்றிகள் கடிக்காமலிருக்க. மருமகள் மரத்தில் ஏறுகிறாளே என்று ஊர் வாயைப் பிளந்தது. பௌலி கீழே நின்று குழாயை நீட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, இந்த வளவுல இனிமே நீங்கதான் பெரிய ஆள்," என்றாள் எமேலே, வேலை முடிந்ததும். "வெளியிலிருந்து வர்றத உங்க பெட்டி வாங்கும். மத்த பெட்டியெல்லாம் உங்ககிட்டதான் கேட்டு வாங்கிக்கும். நீங்க தூங்கப்போகும்போது அணைச்சீங்கன்னா எல்லார் வீட்டுலயும் நெட்டு படுத்துடும்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. போதகர் வீட்டம்மாவோடு ஏதாவது மனத்தாங்கல் வந்தால் பெட்டிப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பேன். அணைத்ததில்லை. பார்த்ததோடு சரி.

என் வீட்டுப் பெட்டி கிழடு. கேமராவைச் சொருகினால் விறைத்துப்போகும். எமேலேயின் வீட்டில் இருந்ததுதான் புதுசு, ஆக்லாந்தில் இருக்கும் அவள் தங்கை அனுப்பியது. கேமரா அதில் மட்டும்தான் வேலை செய்தது. அதன் முன்னால் உட்கார்ந்து அவள் தங்கையோடு பேசுவாள், பௌலியும் பக்கத்தில் உட்கார்ந்து கை அசைப்பான். தொலைபேசி அவனுக்கு எதற்கு? அந்தத் திரை வந்த பிறகுதான் தூரத்தில் இருப்பவர்களோடு அவனாலும் பேச முடிந்தது.

சின்ன வயதுக் காய்ச்சல் பௌலியின் காதைத் தின்ற மாதிரி, வேறொரு காய்ச்சல் எமேலேயின் இதயத்துக்குள் ஒரு வால்வைத் தின்றுவைத்திருந்தது. மரமேறியபோதெல்லாம் எங்களுக்கு அது தெரியாது. பிறகு பாத்திரம் கழுவி நிமிர்ந்தாலே மூச்சு வாங்கியது, பாதம் வீங்கியது. ஆக்லாந்துக்கு அனுப்பித்தான் நெஞ்சைத் திறக்க வேண்டும் என்றார்கள். பௌலியும் கூடப் போக வழியில்லை. தங்கை அங்கே இருக்கிறாளே என்று மனதைத் தேற்றிக்கொண்டு அவளை விமானம் ஏற்றினோம்.

தங்கையின் மடிக்கணினி ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தது. சாயங்காலமானால் பௌலி குளித்து, இடுப்பில் சுத்தமான லாவாலாவா கட்டிக்கொண்டு, திரைக்கு முன் உட்கார்ந்துவிடுவான். இருவரும் கைகளால் பேசுவார்கள். அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் பிற்பகல் கொஞ்சம் அதிக நேரம் பேசிக்கொள்ளலாம் என்று நர்ஸ் ஒருத்தி சொல்லியிருந்தாள். அவர்களுக்கு வியாழன், எங்களுக்குப் புதன். அப்போதெல்லாம் நியூசிலாந்து எங்களைவிட ஒரு நாள் முந்திக்கொண்டிருந்தது. அந்தப் புதன்கிழமைக்காகத்தான் என் தம்பி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தான்.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் இணையக் கம்பி செத்துப்போனது.

என் வீட்டுப் பெட்டியில் ஏதோ ஆங்கில வாசகம் வந்து நின்றது. மூடினால் மறுபடி வந்தது. பெட்டியைத் தட்டினேன், திட்டினேன், எல்லாவற்றையும் பிடுங்கி மறுபடி சொருகினேன். போதகர் வீட்டம்மா வேலிமேல் தலையை நீட்டி, "மரேதா, எங்க வீட்டுல எதுவும் வரல. எங்க மேல ஏதாவது வருத்தமா?" என்றாள். நான் பார்த்த பார்வைகளுக்கெல்லாம் அப்போது பலன் கிடைத்தது. ஆப்பியாவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஒருவனைத் தொலைபேசியில் பிடித்தேன். திங்கட்கிழமை வருகிறேன் என்றான். திங்கட்கிழமை எனக்கு எதற்கு? அவன் பாட்டுக்கு இருக்கட்டும் என்று வைத்துவிட்டேன்.

புதன் காலை பௌலி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். தன் வீட்டுத் திரையைக் காட்டினான், தன் நெஞ்சைக் காட்டினான், பிறகு வானத்தில் சூரியன் பிற்பகலில் எங்கே நிற்குமோ அந்த இடத்தைக் காட்டினான். எனக்கு அவனுடைய புது சைகைகள் ஒன்றும் தெரியாது. ஆனால் இது புரிந்தது. சரி பண்ணிவிடுவேன் என்று தலையாட்டினேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

வீட்டுக்குத் திரும்புவதற்குள் தொலைபேசி அடித்தது. எமேலே.

"அக்கா, நேத்து பௌலி வரவே இல்லையே. கோபமா இருக்காரா?"

"கோபமா? விடிஞ்சதுலேருந்து அந்த வெறுந்திரைக்கு முன்னாடியே உக்காந்திருக்கான். ஒரு வாய் காப்பி குடிக்கல. உன் கம்பி உசிர விட்டுடுச்சுடி."

"உங்க திரையில என்ன எழுதியிருக்கு? படிச்சுச் சொல்லுங்க."

எழுத்துக்கூட்டிப் படித்தேன். எங்கள் பெட்டியின் எண்ணையே இன்னொரு பெட்டியும் வைத்துக்கொண்டிருக்கிறது என்பது மாதிரி இருந்தது. அந்தப் பக்கம் சிரிப்பு. சிரிப்போடு இருமல்.

"சிரிக்காத. மூச்சு வாங்குது பாரு உனக்கு."

"இல்லக்கா, கேளுங்க. அந்த நம்பர் கொடுக்கறவங்களுக்குன்னு உள்ளது. உங்க பெட்டிக்கு மட்டும்தான் அது உண்டு. இப்ப நம்ம வளவுல ரெண்டாவதா ஒருத்தர் கொடுக்க ஆரம்பிச்சிருக்காங்க. ரெண்டு பேரும் நான்தான் கொடுப்பேன்னு நின்னா, வாங்கறவங்களுக்கு யாருகிட்ட போறதுன்னு தெரியாம எல்லாம் நின்னுடும். புதுசா யாரு வீட்டுக்காவது பெட்டி வந்துச்சா?"

நான் ஜன்னல் வழியாகப் பின்வீட்டைப் பார்த்தேன். பிரிஸ்பேனில் இருக்கும் மகன் அனுப்பிய பளபளக்கும் புதுக் கம்ப்யூட்டர், போன திங்கட்கிழமை துணிமணிகளோடு பீப்பாயில் வைத்துக் கப்பலில் வந்து இறங்கியிருந்தது.

"ஃபலனிகா அத்தை," என்றேன்.

"அதானே," என்றாள் எமேலே. "முதல் தடவை சொருகும்போது அது ஒரு கேள்வி கேக்கும்க்கா. மத்தவங்க உங்க வழியா இணையத்துக்குப் போறாங்களா, இல்ல நீங்க மத்தவங்க வழியா போறீங்களான்னு. ரெண்டாவதத்தான் அமுக்கணும். நான் அங்க இருந்திருந்தா..." அவளுக்கு மூச்சு போதவில்லை. "மத்தியானம் ஒரு தடவ கூப்பிடறேன்," என்று வைத்துவிட்டாள்.

ஃபலனிகா அத்தை என் அப்பாவுடைய அக்கா. எங்களிடத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்றால், ஊர்ச் சபையில் எல்லோரையும் அதட்டிய என் அப்பா, அத்தை வந்து உட்கார்ந்தால் காலை மடக்கிக்கொண்டு குரலைத் தாழ்த்துவார். அத்தை சொன்னதற்கு மறுசொல் கிடையாது. அவளிடம் போய், நீங்கள் தப்பாக அமுக்கிவிட்டீர்கள் என்று சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியவள் நான். என் வாயைப் பற்றி ஊருக்கே தெரியும்.

அத்தை புதுப் பெட்டிக்குப் பூவேலை செய்த துணி போர்த்தி, மேலே ஒரு பிளாஸ்டிக் பூமாலையும் சாத்தி வைத்திருந்தாள்.

"அத்தை, இதைச் சொருகும்போது ஏதாவது கேட்டுச்சா?" என்றேன் மெதுவாக.

"கேட்டுச்சே. நான் கொடுக்கறவளா, வாங்கறவளான்னு. யாரப் பாத்து என்ன கேள்வி கேக்குது பாரு, மரேதா. நாலு வீட்டுக்கும் நான் கொடுக்கறேன்னு அமுக்கிட்டேன். நீயும்தான் எத்தன நாளா ஒத்தையில கொடுத்துட்டு இருக்க. கொஞ்சம் இளைப்பாறு."

இதற்குமேல் ஒருத்தியை நான் எப்படித் திட்டுவது? ஊரில் யாராக இருந்தாலும் அந்தக் கேள்விக்கு அதே பதிலைத்தான் அமுக்கியிருப்பார்கள். நானும்தான். உலகத்தில் வேறெங்கோ உட்கார்ந்து அந்தக் கேள்வியை எழுதியவனுக்கு எங்களைத் தெரியாது.

நான் கொஞ்சம் நயமாகப் பேசியிருக்கலாம். ஆனால் பௌலியின் முகம் கண்முன் நின்றது, வாய் முந்திக்கொண்டது.

"அத்தை, உங்ககிட்ட கொடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையே. டெலிபோன் கம்பி என் வீட்டுலல்ல இருக்கு."

அத்தை என்னைப் பார்க்கவில்லை. மடித்திருந்த துணியை உதறி மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

"அப்ப நான் உன் வீட்டு வாசல்ல கையேந்தி நிக்கறவ."

"நான் அப்படிச் சொல்லல அத்தை."

"சொல்லிட்ட. போ. நான் அமுக்கினது அமுக்கினதுதான்."

வெளியே பௌலி நின்றுகொண்டிருந்தான். எங்கள் முகங்களிலிருந்தே எல்லாவற்றையும் படித்துவிட்டான். அத்தை வீட்டுக் கேபிள் சமையல் கொட்டகைத் தூணோரமாக இறங்குகிறது. அங்கே ஒரு இழுப்பு இழுத்தால் முடிந்தது. எனக்கும் அது தோன்றியது. அவன் கை அந்தக் கம்பிவரைக்கும் போனது, பிறகு மடங்கித் திரும்பி வந்தது. அப்பாவின் அக்கா மனம் கசந்தால் அந்தக் கசப்பு யார்மேல் விழுகிறதோ அவர்கள் உடம்பு தேறாது என்று நாங்கள் நம்புகிறோம். மறுநாள் அவன் மனைவியின் நெஞ்சைத் திறக்கப்போகிறார்கள். அவன் எப்படி அதை இழுப்பான்? அவன் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அவனைப் பார்க்க என்னால் முடியவில்லை.

எமேலே சொன்னபடி மத்தியானம் கூப்பிட்டாள். நான் காரியத்தைக் கெடுத்த விதத்தை ஒளிக்காமல் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அத்தையக் கூப்பிடுங்கக்கா. நான் பேசறேன்னு சொல்லுங்க."

ஆஸ்பத்திரியிலிருந்து எமேலே என்றதும் அத்தை செருப்புக்கூடப் போடாமல் வந்தாள். என் மேலிருந்த கோபம் எமேலேமேல் இல்லை. சத்தம் எல்லோருக்கும் கேட்கும்படி தொலைபேசியின் பொத்தானை அழுத்தி, தரையில் பாய் விரித்து வைத்தேன். அத்தை உட்கார்ந்தாள்.

எமேலே அவசரப்படவில்லை. பெரியவர்களிடம் பேசுகிற மரியாதைப் பேச்சில், குனிந்து நிற்க முடியாமல் படுத்துக்கொண்டு பேசுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே மூச்சு பிடித்துக்கொண்டாள். அத்தையின் முழங்காலை விசாரித்தாள். பேரனை விசாரித்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை, சூரியன் பௌலி காட்டிய இடத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

"அத்தை, ஊர்ச் சபையில காவா சாறு குடிக்கற கூட்டத்துல கிண்ணத்தத் தூக்கிட்டு ஒவ்வொருத்தர்கிட்டயா ஓடறது யாரு?"

"தலைவர் பட்டம் இல்லாத பயல்க. வேற யாரு ஓடுவா?"

"பெரிய தொட்டி எத்தன வைப்பாங்க?"

"ஒண்ணுதான். ரெண்டு வச்சா அது கூட்டமா, சந்தையா?"

"முதல் கிண்ணம்?"

"இருக்கறதுல உயர்ந்தவங்களுக்கு. இதெல்லாம் உனக்குத் தெரியாதா? மருந்து மயக்கமா?"

"தெரியும் அத்தை. அதான் எனக்கு மனசு கேக்கல. உயர்ந்தவங்க எழுந்திருச்சு கிண்ணத்தத் தூக்கிட்டு ஓடறாங்கன்னு கேள்விப்பட்டேன். மரேதா அக்கா மாதிரி ஒருத்தங்க ஓடறதுக்கு இருக்கும்போது நீங்க ஏன் அத்தை ஓடணும்? நீங்க உக்காந்து முதல் கிண்ணத்த வாங்கணும்."

அத்தை திரும்பி என்னை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தாள். நான் ஓடுவதற்கு லாயக்கா என்று பார்க்கிற மாதிரி இருந்தது.

"அதானே," என்றாள். "இவ எதுக்கு இருக்கா?"

அத்தனை நாள் வளவுக்கே படியளக்கிறவள் என்று மிதப்பில் இருந்த நான், ஒரே நொடியில் கிண்ணம் தூக்குகிற பயலாகிவிட்டேன். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த கணம் சிரிப்பு வந்தது. அதற்கும் அடுத்து எமேலேயை நினைத்தேன். மூக்கில் குழாயோடு, ஒரு மூச்சுக்கும் மறு மூச்சுக்கும் நடுவே இழுத்துப் பிடித்துக்கொண்டு பேசுகிறாள். அவள் சொன்னதில் ஒரு பொய் கிடையாது. அத்தைக்குக் குறைவான ஒரு சொல் கிடையாது. எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது ஏன் தோன்றவில்லை? கடைசியில் உட்காரும் மருமகள் எங்களையெல்லாம் எவ்வளவு நன்றாகப் பார்த்து வைத்திருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவள் மரத்தில் ஏறியதைவிட இதற்குத்தான் ஊர் வாயைப் பிளந்திருக்க வேண்டும்.

அத்தை தானே போய், எமேலே சொல்லச்சொல்ல நான் கத்தி அஞ்சல் செய்ய, அந்தக் கேள்வியைத் திரும்ப வரவழைத்து இரண்டாவதை அமுக்கினாள். நான் தொலைபேசியை வைத்துவிட்டு, என் கிழட்டுப் பெட்டியை ஒருமுறை அணைத்து மறுபடி போட்டேன். அந்த ஆங்கில வாசகம் வரவில்லை. நடு வீட்டிலிருந்து பௌலி தரையை உள்ளங்கையால் படபடவென்று தட்டும் சத்தம் கேட்டது. அவனுக்குச் சந்தோஷம் வந்தால் அப்படித்தான் தட்டுவான்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது எமேலே திரையில் இருந்தாள். முகம் சின்னதாகிப்போயிருந்தது. கண் மட்டும் அதே கண். வலது கையைத் தூக்கி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். கை பாதியில் நின்றது. திரையே உறைந்துபோனது. சிறிது நேரம் கழித்து அசைந்தபோது, கை வேறெங்கோ இருந்தது, நடுவில் சொன்னது போய்விட்டது. மறுபடி நின்றது. குரலாக இருந்தால் விட்டுவிட்டுக் கேட்டாலும் ஊகிக்கலாம். கையை எப்படி ஊகிப்பது? பௌலி என்னிடம் திரும்பி, தன் கையைக் காற்றில் தூக்கி அப்படியே அசையாமல் வைத்துக் காட்டினான். அவன் கண்ணில் நீர் நின்றது.

எனக்குக் காரணம் தெரிந்தது. ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்த மூன்று வீடும் ஒரே நேரத்தில் குடித்துக்கொண்டிருந்தது. போதகர் வீட்டில் பாடகர் குழுவுக்கு வேண்டிய பாட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அத்தை பிரிஸ்பேன் பேரனைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதுதான் முதல் கிண்ணத்தைக் கையில் கொடுத்திருக்கிறோம். அதைக் கீழே வையுங்கள் என்று நான் எப்படிப் போய்ச் சொல்வது? என் பெட்டியை அணைத்தால் எல்லோருக்கும் போய்விடும், எமேலேக்கும்தான். நான் அத்தை வீட்டு வாசலில் போய் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. காலையில் திறந்தது போதும்.

அத்தை என் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன, அவ வரலையா?"

"வந்துட்டா அத்தை. கை நடுவுல நடுவுல நின்னு நின்னு போகுது."

"பாதிப் பேச்சுலயா?"

"ஆமா."

அத்தை திரையில் இருந்த பேரனிடம், "அப்புறம் வரேன்டா ராசா," என்றாள். வலிக்கிற முழங்காலோடு மண்டியிட்டு, பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு, அந்தக் கேபிளைத் தானே பிடுங்கினாள். பூமாலை சரிந்து விழுந்தது, அதை எடுத்துக்கூட வைக்கவில்லை. எழுந்து என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, நேரே வேலிக்கு அந்தப்புறம் போனாள். போதகர் வீட்டுக்குள் அழைக்காமல் நுழைந்து அதிகாரம் பண்ண இந்த ஊரில் வேறு யாருக்குத் தைரியம் உண்டு?

"பாட்டு நாளைக்கும் பாடலாம்," என்று அவள் குரல் கேட்டது. "அணைங்க. எங்க புள்ள பேசிட்டு இருக்கா."

எங்க புள்ள என்று அத்தை எமேலேயைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

திரை தெளிந்தது. அந்தச் சிறிய கம்பியில் வந்த அத்தனையும் இப்போது அவர்கள் இருவருக்கு மட்டும். எமேலேயின் விரல் ஒவ்வொன்றும் தெரிந்தது. அப்போதுதான் கவனித்தேன், அவளுடைய இடது கை பலகையில் வைத்துக் கட்டப்பட்டிருந்தது, ஊசி ஏறியிருந்தது. ஒற்றைக் கையால்தான் பேசிக்கொண்டிருந்தாள். அவர்களுடைய சைகைகளில் பாதிக்கு இரண்டு கையும் வேண்டும். அவள் வலது கையை வைத்துக்கொண்டு தடுமாறினாள். பௌலி திரைக்கு நெருங்கி உட்கார்ந்து, தன் கையைத் தூக்கி, அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தான். அவள் ஒரு பாதியைக் காட்ட, இவன் மறுபாதியைக் காட்டினான். தப்பாகக் காட்டினால் அவள் தலையை ஆட்டிச் சிரித்தாள், இவன் மாற்றி வைத்தான். அவள் சொல்வதை இவனும் சேர்ந்து சொல்லித்தான் இவனுக்கே புரிந்தது. நான் வெளியே போய்விடலாமா என்று நினைத்தேன். போகவில்லை. என்னால் முடியவில்லை.

அத்தையும் வந்து என் பக்கத்தில் நின்றாள். நெடுநேரம் பேசினார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் நர்ஸ் வந்து குனிந்து ஏதோ சொன்னாள். எமேலே தலையாட்டிவிட்டு, விரல்களைச் சேர்த்து, கையைச் சாய்வாக நிமிர்த்தினாள். பௌலி தன் கையை எதிர்ப்பக்கம் சாய்த்து, விரல்நுனி திரையைத் தொட, அதோடு பொருத்தினான். கூரை. அது மட்டும் எனக்கும் விளங்கியது. வீடு. வீட்டுக்கு வருவேன் என்றாளா, வீட்டைப் பார்த்துக்கொள் என்றாளா என்று நான் கேட்கவில்லை. திரை அணைந்த பிறகும் அவன் கையை எடுக்க வெகுநேரமாயிற்று.

மறுநாள் நான் தொலைபேசியை விட்டு நகரவில்லை. அத்தை என் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, உதடு அசையாமல் ஜெபித்துக்கொண்டிருந்தாள். பௌலி காத்திருக்கப் பொறுக்காமல் மேட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டான். தொலைபேசி அடித்தது. தங்கைக்காரி அழுதுகொண்டே பேசியதில் முதலில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பிறகுதான் அவள் என்ன சொல்கிறாள் என்று காதில் விழுந்தது. அத்தை என் கையை இறுக்கிப் பிடித்து, "ஓடு," என்றாள்.

ஓடினேன். இந்த உடம்பை வைத்துக்கொண்டு மேடேறி ஓடினேன். பௌலி சேறு படிந்த கைகளோடு சேப்பங்கிழங்குச் செடிகளுக்கு நடுவே நிமிர்ந்தான். என் முகத்தையே பார்த்தான். எனக்கு மூச்சு வாங்கியது, முகம் முழுக்க அழுகை. அதைப் பார்த்தால் எதை வேண்டுமானாலும் நினைக்கலாம். அவன் நிறம் மாறியது. எனக்குத் தெரிந்ததெல்லாம் வா, சாப்பிடு, மழை, பன்றி. அறுவை முடிந்தது என்பதற்கு என்ன சைகை, பிழைத்துக்கொண்டாள் என்பதற்கு என்ன சைகை, ஒன்றும் தெரியாது.

வலது கையின் விரல்களைச் சேர்த்து, சாய்வாக நிமிர்த்தி, அவன் முன்னால் நீட்டினேன்.

அவன் என் கையைப் பார்த்தான். பிறகு தன் கையை லாவாலாவாவில் துடைத்து, துடைத்து, சேறு போகும்வரை துடைத்துவிட்டு, எதிர்ப்பக்கம் சாய்த்து என் விரல்நுனியில் கொண்டுவந்து வைத்தான்.